மூச்சு விடும்போது மூடிக்கொள்ளும் குழாய்

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்குபடுத்தினால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு.

1. பாண்டிருப்பிலிருந்து ஒரு டீச்சர் தன் பொமரேனியன் நாயை என்னிடம் கொண்டுவந்தார். அது தாரா, அதாவது வாத்து, கத்துவதுபோல இருமியது.

2. மூச்சுக்குழாய் தளர்ந்து உள்ளுக்குள் ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னேன். கொழும்பில் படம் எடுத்தார்கள். அதுதான்.

3. அதே நாட்களில் எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் என் மூத்த சகோதரி ராத்தாவின் குழந்தை ஹனா இருமினாள். அதே சத்தம்.

4. ராத்தாவிடமும் அவர் கணவர் மச்சானிடமும் போய், எனக்குத் தெரிந்ததை ஆதாரத்தோடு சொன்னேன்.

5. அன்றோடு அந்த வீட்டில் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

6. ஹனாவை அம்புலன்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள்.

எண் போட்டவுடன் எல்லாம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பார்த்தீர்களா? நடந்தபோது இப்படி இருக்கவில்லை.

நான் மிருக வைத்தியர் என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் வாசிப்பவர்களுக்குத் தெரியும். கல்முனையில் என் கிளினிக்குக்கு வருபவை பெரும்பாலும் மாடும் ஆடும்தான். எங்கள் முஸ்லிம் ஆட்கள் நாய் வளர்ப்பது அபூர்வம். வருகிற நாய்கள் காரைதீவு, பாண்டிருப்புப் பக்கத்து நாய்கள். அதனால் கை கழுவும் இடத்தில் ஒரு கிண்ணம் சுத்தமான மண் எப்போதும் இருக்கும். எங்கள் மார்க்கப்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். பெண் பிள்ளையான என்னுடைய இந்தப் படிப்புக்கு உம்மா சம்மதித்ததே அந்த ஒரு நிபந்தனையில்தான்.

டீச்சர் வந்தபோது ரோசி அவர் மடியில் இருந்தாள். ரோசி என்பது நாய். உருண்டையாக, பஞ்சுப் பொதிபோல.

“டொக்டர், இவள் சளியில சாகப் போறாள். சின்னப் புள்ளைகளுக்குக் குடுக்கிற பாணி எல்லாம் குடுத்துப் பாத்திட்டன்.”

“இருமல் எப்பிடி டீச்சர்? கரகரப்பா, தாரா கத்துற மாதிரியா?”

டீச்சர் கொஞ்சம் யோசித்தார்.

“தாராதான். முன்வீட்டு ஆள் வந்து, உங்களிட்டத் தாரா முட்டை விக்கிறீங்களா எண்டு கேட்டவர்.”

ரோசியின் கழுத்தை விரலால் மெல்ல அழுத்தினேன். உடனே அந்தச் சத்தம். போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டேன். சளி இல்லை.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பைப் பார்த்திருப்பீர்கள். உறிஞ்சும் பக்கத்துக்கு வளையம் வைத்த தடித்த குழாய்தான் போடுவார்கள். ஏன்? அந்த இடத்தில் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸை மாட்டிப் பாருங்கள். மெஷின் இழுத்த கணமே தட்டையாகி ஒட்டிக்கொள்ளும். மெஷின் கத்தும்... தண்ணீர் வராது.

மூச்சுக்குழாயிலும் அப்படி வளையங்கள் இருக்கின்றன. குருத்தெலும்பு வளையங்கள். சின்ன இன நாய்களுக்கு வயது போகப் போக அவை தளர்கின்றன. சில குழந்தைகளுக்கோ பிறக்கும்போதே அவை இறுகியிருப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது, அல்லது விடும்போது — எந்த இடம் தளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து — குழாய் மூடிக்கொள்ளும்.

இதில் கொடுமை என்னவென்றால், அடுத்த கணம் அது திறந்துவிடும். நீங்கள் எக்ஸ்ரே எடுக்கிற நேரத்தில் குழாய் திறந்திருந்தால் படம் மிக அழகாக இருக்கும். ‘ஒன்றுமில்லை’ என்று எழுதித் தருவார்கள். இந்த நோயை அது நடக்கும்போது பிடிக்க வேண்டும். மூச்சோடு மூச்சாகப் பார்க்க வேண்டும்.

டீச்சரின் மகன் கொழும்பில் இருக்கிறார். அடுத்த கிழமையே ரோசி ஏசி காரில் கொழும்பு போனாள். மூச்சை இழுக்கும்போது ஒரு படம், விடும்போது ஒரு படம். முதல் படத்தில் குழாய் இருந்தது. இரண்டாவதில் பாதிக் குழாயைக் காணவில்லை.

“குணமாகாது டீச்சர். ஆனா சமாளிக்கலாம்” என்றேன். கழுத்துப் பட்டியைக் கழற்றி, நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டி. சோற்றைக் குறைப்பது. இருமலை அடக்க ஒரு மருந்து. ஆட்கள் வந்தால் துள்ள விடாமல் தூக்கி வைத்துக்கொள்வது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை ரோசி இல்லாத அறையில் போடுவது. டீச்சர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். செய்தும் காட்டினார்.

சொன்னதைக் கேட்கிற வீட்டில் பிறக்க நாய்க்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

எங்கள் பக்கம் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். வாப்பா ராத்தாவுக்கு எங்கள் வளவிலேயே கட்டிக் கொடுத்தார். எங்கள் சமையலறைக்கும் அவர்களுடையதற்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் தேங்காய் துருவினால் இந்தப் பக்கம் கேட்கும். பின்னேரம் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் ஹனாவின் இருமலைக் கவனித்தேன். அதற்கு முன் கேட்கவில்லையா? நூறு தரம் கேட்டிருப்பேன். காது பழகியது ரோசிக்குப் பிறகுதான்.

ஹனாவுக்கு ஐந்து மாதம். அவளுடைய வருத்தத்துக்கு வீட்டில் ‘இழுப்பு’ என்று பெயர். டொக்டரிடம் சனல் பண்ணி — தனியாகக் காசு கட்டி நேரம் எடுத்து — காட்டினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள் — நெஞ்சு கிளியர். புகை பிடிக்கச் சொன்னார்கள். மருந்தை ஆவியாக்கி மாஸ்க் வழியாகக் கொடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம். மச்சானுக்கு ஒரு பாமசியில் வேலை. மெஷினையே வீட்டுக்கு வாங்கி வந்துவிட்டார். பிள்ளை இருமினால் புகை, அழுதால் புகை.

டொக்டர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் முன்னால் ஹனா சிரித்துக்கொண்டு இருந்தாள், இல்லையென்றால் தூங்கினாள். சத்தம் வந்தது வீட்டில். அழும்போதும் பால் குடிக்கும்போதும்.

புகை பிடித்தால் பிள்ளை களைத்துத் தூங்கும். தூங்கினால் சத்தம் அடங்கும். சத்தம் அடங்கினால்? மருந்து வேலை செய்துவிட்டது! இப்படித்தான் அந்த வீட்டில் கணக்குப் பார்த்தார்கள். இழுப்புக்கான அந்த மருந்து, காற்றுக் குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துவது. இறுகிப்போன குழாய்க்கு அது வரம். ஏற்கெனவே தளர்ந்த குழாய்க்கு உதவாது என்பது மட்டுமில்லை, சில பிள்ளைகளுக்கு இன்னும் மோசமாக மூடவும் செய்யும்.

சில நாள் கவனித்தேன். சத்தம் வருவது மூச்சை விடும்போது. மல்லாக்கக் கிடத்தினால் கூடுகிறது, தோளில் நிமிர்த்திப் போட்டால் குறைகிறது. குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டினால் கூடுகிறது. புகைக்கு அசையவில்லை. குழந்தைகளுக்கென்று ஒரு சின்ன ஸ்டெதஸ்கோப் புதிதாக வாங்கி வைத்துக் கேட்டேன். ராத்தாவின் சம்மதத்தோடு, பிள்ளை அழும்போது போனில் ஒரு வீடியோவும் எடுத்தேன்.

நான் பிள்ளைகளுக்கு வைத்தியர் இல்லை. மருந்து மாற்ற நினைக்கவும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த வீடியோவை அவர்கள் டொக்டரிடம் காட்டி, கொழும்பில் கமராக் குழாய் விட்டுப் பார்க்க வழி கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து, எல்லாரும் சோறு தின்ற பிறகு போனேன். மச்சான் நல்ல மனநிலையில் இருந்தார்.

“வாங்க மச்சி. மாடெல்லாம் சுகமா?”

“சுகம் மச்சான். ஒங்களத்தான் கேட்டதுகள்.”

ராத்தா சிரித்தார். ஹனா பாயில் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

“மச்சான், ரெண்டு சத்தம் போடுறன். ஒண்டா, வேறயா எண்டு மட்டும் சொல்லுங்க. முதலாவது ஹனாட.”

போனைக் கவிழ்த்து வைத்தேன். படம் பார்த்தால் மனம் சாயும், காது மட்டும் கேட்கட்டும் என்று. கம்பஸில் படிக்கும்போது அப்படித்தான் பழக்கினார்கள். மச்சான் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாவதை மறுபடி போடச் சொன்னார். அவருக்கு நல்ல காது.

“ஒண்டுதான் மச்சி. அச்சொட்டா இதே இழுப்பு. பாவம்... இது ஆர்ட புள்ள?”

நான் உண்மையைச் சொன்னேன்.

“புள்ள இல்ல மச்சான். பாண்டிருப்பு டீச்சர்ட நாய்.”

ராத்தா குனிந்து ஹனாவைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“என்ன சொன்ன நீ?”

“ராத்தா, வருத்தம் ஒண்டுதான் எண்டு சொல்லுறன். மூச்சுக் குழாய்—”

“என்ட புள்ளயும் நாயும் ஒண்டா ஒனக்கு?”

“நான் அப்பிடிச் சொல்லல்ல...”

“நாய்ர நெஞ்சில வச்ச குழாயயா என்ட புள்ளட நெஞ்சிலயும் வச்ச?”

“அது வேற ராத்தா. ஹனாக்குப் புதுசு வாங்கின.”

மச்சானின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நல்லது.

“மச்சி, மாட்டுக்கு ஊசி போடுற ஆள் மாட்டுக்கு ஊசி போட்டாக் காணும். என்ட புள்ளட வீடியோ நாய்ர வீடியோவோட ஒரு போன்ல கிடக்க வேணாம். இப்ப, என்ட கண்ணுக்கு முன்னால அழிங்க.”

அழித்தேன். பிள்ளை அவர்களுடையது. நாயின் வீடியோ அப்படியே இருந்தது. அதைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு முன்னால் அந்த மனிதர் தன் காதாலேயே மகளின் நோயை அடையாளம் கண்டிருந்தார். ‘அச்சொட்டா இதே’ என்று சொன்னது அவர் வாய். ஒரே ஒரு சொல்லில் அது எல்லாம் ஏச்சாக மாறிப் போயிற்று.

அன்று இரவு உம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

“என்னகா, ஒனக்கு வாய் இல்லையா? ஆட்டுக்குட்டி எண்டு சொல்லியிருக்கலாமே!”

“ஆட்டுக்குட்டிக்கு அப்பிடி வாறதில்ல உம்மா.”

“வந்தா என்ன, வராட்டி என்ன? ஆட்டுக்குட்டி எண்டா அவங்க கேட்டிருப்பாங்க.”

உம்மா படித்தது கொஞ்சம்தான். ஆனாலும் அவர் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. உண்மையாகவே... ஆட்டுக்குட்டி என்றால் கேட்டிருப்பார்கள். பிள்ளை பிறந்தால் அகீகாவுக்கு அறுக்கிறோம், வளர்க்கிறோம், பிள்ளையைக் கொஞ்சும்போதே ‘என்ட ஆட்டுக்குட்டி’ என்கிறோம். தண்ணீர் சுத்தமா என்று பார்ப்பதற்கு முன், அது எந்தப் பாத்திரத்தில் வந்தது என்று பார்க்கிற ஆட்கள் நாங்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான், பாத்திரம் மட்டும் வேறு. கொழும்பு டொக்டர் சொன்னால் ஒன்று, மாட்டு டொக்டர் சொன்னால் இன்னொன்று. ஆண் சொன்னால் ஒன்று, கலியாணம் முடிக்காத தங்கச்சி சொன்னால் இன்னொன்று.

உம்மா மூலம் சொல்லிப் பார்த்தேன். நிமிர்த்தி வைத்திருக்கச் சொல்லுங்கள், சாம்பிராணியை விடச் சொல்லுங்கள், அவர்களே ஒரு வீடியோ எடுத்து டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். உம்மா போய்ச் சொன்னார். “அது நாய்க்குச் செய்யிற வைத்தியமா உம்மா?” என்று ராத்தா கேட்டாராம். உம்மா திரும்பி வந்து வெங்காயம் உரித்தார். கண்ணில் தண்ணீர் வர ஒரு சாட்டு வேண்டுமே.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு ஹனாவுக்குத் தடிமன் பிடித்தது. மூக்கொழுகும் சாதாரணத் தடிமன். உங்களுக்கும் எனக்கும் வந்தால் இஞ்சித் தேநீரோடு போய்விடும். ஏற்கெனவே மூடுகிற குழாய்க்குள் கொஞ்சம் வீக்கமும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? நான் அன்று ஒலுவில் பக்கம் ஒரு மாட்டுப் பட்டியில் தடுப்பூசி போட்டுக்கொண்டு நின்றேன். உம்மாவின் போன் வந்தது.

“புள்ள... ஹனா நீலமாப் போய்ட்டா. அழுதா, மறுகா சத்தமே இல்ல. மாஸ்க் மூஞ்சில இரிக்கத்தக்கன...”

நான் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் தொண்டைக்குள் குழாய் வைத்துவிட்டார்கள். நிறம் திரும்பியிருந்தது. வார்ட்டு டொக்டர் ஓர் இளம் பெண். என் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டார்.

“இதுக்கு முன்ன பிள்ளை இருமினா எப்பிடிச் சத்தம் வரும்? யாராவது வீடியோ எடுத்து வச்சிருக்கீங்களா?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“இல்ல டொக்டர்” என்றார் மச்சான்.

அப்போது நான் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டினேன். அபாயாவில் மாட்டுச் சாணம் காய்ந்திருக்க, வார்ட்டு நடுவில் நின்று, தாரா மாதிரி. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். டொக்டர் சிரிக்கவில்லை.

“மூச்ச விடும்போதா?”

“ஓம். அழும்போதும் பால் குடிக்கும்போதும் கூட. நிமிர்த்தினா குறையும்.”

“நீங்க பிள்ளைக்கு யாரு?”

“சாச்சி” என்றேன். மாட்டு வைத்தியர் என்பதை விட்டுவிட்டேன்.

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொழும்பில் கமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பிள்ளை தானாக மூச்சு விடும்போது, மூச்சோடு மூச்சாக. குழாய் நெஞ்சுக்குள் தட்டையாக ஒட்டிக்கொள்வது திரையில் தெரிந்ததாம். மச்சான் உம்மாவிடம் சொன்னார், உம்மா என்னிடம் சொன்னார்.

நான் சொன்னது சரி. சரி என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள் வளையமாக வைக்க முடியுமா? இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்று அவர்கள் என் பேச்சைக் கேட்டிருந்தாலும் தடிமன் வந்திருக்கலாம். கொழும்பில் முறை வரும்வரை காத்திருக்கும்போதே இது நடந்திருக்கலாம். இதற்கு ஒரு மாத்திரை, ஓர் ஊசி என்று எதுவும் இல்லை. லேசாக இருந்தால், வளரும்வரை பார்த்துக்கொள்வது. கடுமையாக இருந்தால், குழாய் மூடாதபடி காற்றை அழுத்திக் கொடுத்துக்கொண்டே இருப்பது. அதுவும் போதாவிட்டால் சத்திரசிகிச்சை. கேட்டிருந்தால் இந்த நிலையிலிருந்து தப்பியிருப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. தப்பியிருக்க மாட்டாள் என்றும் அவர்களால் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இரண்டு வீட்டாரும் இப்போது இருக்கிறோம்.

போன கிழமை மச்சான் எனக்கு நேராகவே போன் எடுத்தார். அன்றைக்குப் பிறகு முதல் தடவை. சலாம் சொன்னார். பின்னால் ஏதோ மெஷின்கள் கீச்சிடுவது கேட்டது.

“மச்சி... அந்த டீச்சர்ட நாய். அது இப்ப எப்பிடி இரிக்கி?”

“நல்லா இரிக்கி மச்சான். இருமல் குறைவு.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். ஒரு நாய்க்காக அவர் அதைச் சொல்வார் என்று நான் நினைத்திருக்கவில்லை. “அப்ப ஹனாக்கும்...?”

“நாய்க்கு இது நாள் போகப் போகக் கூடும் மச்சான். புள்ளைக்கு நாள் போகப் போக இறுகும். வளர வளர வளையம் பெலக்கும். ஹனாக்கு நாள்தான் வேணும்.”

“அதத்தான் டொக்டர்மாரும் சொல்லுறாங்க” என்றார். “நாள் வேணும் எண்டு. ஒவ்வொரு நாளும் மெஷினக் கழட்டிப் பாக்கிறாங்க மச்சி. கழட்டின ஒடன அவள் எங்களப் பாக்கிற பார்வ இரிக்கே...”

முடிக்கவில்லை. லைன் துண்டித்துவிட்டதா, அவரே வைத்தாரா தெரியவில்லை. திருப்பி எடுத்தேன். எடுக்கவில்லை.

இதை எழுதும் நேரத்தில் நிலைமை இதுதான். ஹனா கொழும்பில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். மூக்கு வழியாகக் காற்றை அழுத்தித் தருகிற மெஷின் ஓடுகிறது. அதைக் கழற்றினால் நீலமாகிறாள். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதா, நெஞ்சைத் திறப்பதா என்று டொக்டர்மார் கூடிக் கதைக்கிறார்கள். இரண்டுக்கும் அவளுடைய நிறை போதாது என்கிறார்கள். ராத்தா அங்கேயே இருக்கிறார். என்னோடு இன்னும் கதைக்கவில்லை. மெஷின் இல்லாமல் பிள்ளைக்கு மூச்சு விட முடியவில்லை.